கல் ஐந்து

எண்ணூரில் சாம்பல் முதலில்
வெள்ளைக் கல்லில்தான் தெரியும்.
சோப்புத் தண்ணீர், தேங்காய் நார்.
கம்பி பிரஷ் கூடாது, ஒப்பந்தத்தில் இருக்கிறது.
நான்கு கற்கள்.
கல்லுக்கு இவ்வளவு என்று கூலி.

ஹாலட், வயது பத்தொன்பது.
பிம், இருபத்திரண்டு.
மூன்றாமவன் பெயரில் ஓர் எழுத்தை
உப்புக்காற்று தின்றுவிட்டது.
நான்காமவன் வெறும் போர்வீரன்.
எல்லோருக்கும் ஒரே தேதி.

கோயில் பதிவேட்டில் அந்தத் தேதியில்
இன்னொரு வரி:
கூலி சிங்கராயன். வெடிப்பெட்டி இறக்கும்போது.
கிடைத்தவரை அடக்கம்.

அவனுக்குக் கல் இல்லை.
சுவரோரம் ஒரு மேடு,
தனிஸ்லாஸ் அதன்மேல் வலை காயப்போடுவான்,
ஆடு படுக்கும்.
என் அரிவாளுக்கு அங்கே வேலை இல்லை.
போகும்.

வருஷத்துக்கு ஒருமுறை மேற்பார்வையாளர்,
கையில் டேப், கழுத்தில் கேமரா.
ஒரு தடவை மேட்டருகே நின்றுவிட்டார்.
“இது யாரு?”
“அஞ்சாவது ஆள் சார்.”
“கல்லு?”
“இன்னும் வரல.”
என்ன நினைத்தாரோ,
படிவத்தில் எழுதிக்கொண்டார்:
கல் வர வேண்டியுள்ளது.

அதற்கப்புறம் இரண்டு வெள்ளம்.
இரண்டாவது வெள்ளம் எண்ணெயோடு வந்தது.
நான்கு கல்லிலும் ஒரே உயரத்தில் கறுப்புக்கோடு,
பெயர்களுக்குச் சற்றுக் கீழே.
எட்டு நாள் தேய்த்தேன்.
மேட்டைத் தேய்க்க முடியுமா?
மேல்மண்ணை வழித்தெடுத்து
முகத்துவார மணல் கொட்டினேன்,
மூன்று கூடை. காலால் மிதிக்கவில்லை,
கையால்தான் அமுக்கினேன்.

பில்லில் “கல் ஐந்து” என்று எழுதி
ஆபீசில் கொடுத்தேன்.
பாஸாகிவிட்டது.