பத்துக்கு எத்தனை

மணி மூன்று பத்து.
அடுத்த மாத்திரை நான்குக்கு.
ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிய தாளில் என் கையெழுத்துதான்,
குடித்துவிட்டு எழுதியது போலக் கோணி நிற்கிறது:
இரவு பத்து, வெள்ளை இரண்டு.
விடிகாலை நான்கு, வெள்ளை இரண்டு, மஞ்சள் ஒன்று.
வலி வந்தபின் துரத்தாதே,
வருமுன் போய் வாசலில் நில் என்றாள் நர்ஸ்.

வெளியே டாஃபின் நகரம், மைனஸ் முப்பத்தொன்று.
உள்ளே என் வலது முழங்காலில் அடுப்பு.

"பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எத்தனை, ஒரிசியா?"
ஆஸ்பத்திரியில் ஓயாமல் கேட்டார்கள்.
ஆறு என்பேன்.
மரியாதையான எண், ஆறு.

இருபத்தாறு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள்.
எனக்கு எண்ணில் வலிக்காது, ரூட்டில்தான் வலிக்கும்.
ஷெட் பூஜ்யம்.
கோதுமைக் கிடங்கு தாண்டினால் இரண்டு.
ஹ்ரின்கோ இரட்டையர் சண்டையோடு ஏறும் வளைவு, நான்கு.
தண்டவாளம் ஏழு:
அங்கே நிறுத்திக் கதவைத் திறந்து
காது கொடுத்துக் கேட்க வேண்டும்.
பென்னர் பண்ணை பத்து.
அதற்கப்பால் வெறும் பனி,
வண்டி அங்கேதான் திரும்பும்.

நேற்று பிசியோ ரொடேலியோ வந்தான்.
தகரத் தட்டில் குதிகாலை வைத்து
இழு என்றான், இழுத்தேன்.
எழுபத்திரண்டு டிகிரி. இன்னும் கொஞ்சம்.
"பென்னர் பண்ணை!" என்று அலறினேன்.
யார் பென்னர் என்றான் பயந்துபோய்.
சிரித்த சிரிப்பில் எழுபத்தெட்டு.
பிரேக் மிதிக்கத் தொண்ணூறு போதும் என்று
நானாக முடிவு செய்திருக்கிறேன்.
அவனிடம் கேட்கவில்லை.

ஒத்தடத்துக்கு உறைந்த பட்டாணி வாங்கச் சொன்னார்கள்.
வீட்டில் இருந்தது பெரோகி,
கிறிஸ்துமஸுக்குப் பிடித்து மிஞ்சிய மூன்று டஜன்.
உருகி, உறைந்து, மறுபடி உருகி
இப்போது ஒரே கட்டி,
நடுவில் என் முழங்காலின் பள்ளம்.
பையின்மேல் மார்க்கரால் 'கால்' என்று எழுதிவைத்தேன்.
பக்கத்து வீட்டு லோர்ன் பனி வாரிக் கொட்டிவிட்டு
பசியோடு வந்து ஃப்ரீசரைக் கிளறுவான்.

மூன்று முப்பத்தைந்து.
உலோகத்துக்கு வலி கிடையாதாம்.
புதுக் குடித்தனக்காரர் அமைதியாகத்தான் இருக்கிறார்,
கூச்சல் எல்லாம் பழைய ஆட்களுடையது.

தெருவில் பனிவாரி லாரி போகிறது,
கட்டில் அதிர்கிறது.
இன்னும் மூன்று மணி நேரத்தில்
என் வண்டியை அந்தப் பையன் ட்வெயின் எடுப்பான்.
தண்டவாளத்தில் கதவைத் திறப்பானா?
கண்ணாடியை மட்டும் இறக்கி ஏமாற்றுவானா?

நான் இப்போது அங்கேதான் இருக்கிறேன்.
நிறுத்திவிட்டேன், கதவும் திறந்தாயிற்று.
ரயில் வருகிறதா, போகிறதா,
இந்தக் குளிரில்
சத்தத்தை வைத்துச் சொல்ல முடியவில்லை.