ஏழு பேரும் உயிரோடு

ஐஸ்வாடிப் பொலிகார்ப் சொல்கிறார்:
விண்ணோடம் வெடித்ததெல்லாம் நாடகம்.
குளிரில் ரப்பர் வளையம் விறைத்ததாம்!
ஐஸ் விக்கிற எனக்குத் தெரியாத குளிரோ?
ஏழு பேரும் உயிரோடுதான்.
ஒருவர் வேறு பேரில் வாத்தியார்,
ஒருத்திக்கு மூக்கு மட்டும் மாறிப்போச்சு.
போனில் படமும் வைத்திருக்கிறார்.

திருக்கடலூர்க் கரையெல்லாம் சிரிப்பு.
"அப்ப அந்தப் புகை?"
"புகை ஆரும் விடலாம்."

சூடை மீனை அள்ளிக்கொண்டிருந்த றெஜினா
கையை நிறுத்தினாள்.
ஆர் வைச்சிருக்கினம்? எந்த ஊரில?
வீட்டுக்கு ஒரு கடிதம் போட விடுவினமோ?

அவள் புருஷனின் படகு
புறாத்தீவுக்கு அப்பால் எரிந்ததை
இதே பொலிகார்ப்தான் கண்ணால் கண்டவர்.

இப்போது
ஐஸ் கணக்கைத் திரும்பக் கூட்டுகிறார்.
கூட்டல் சரியாகத்தான் இருக்கிறது.