மற்றவை

கொம்புச்சேனை ஆர்.டி.எஸ். கட்டடத்தில்தான் கூட்டம்.
நாளுக்கு ஆறாயிரம், மத்தியானச் சோறு.
அவர்கள் பேசுவதைத் தமிழில் சொல்வது என் வேலை.

என்ஜினியர் சுவரில் படம் காட்டினார்.
இரண்டு கிலோமீற்றர் கீழே பாறை,
பாறைக்குள் வாயு.
துளை வழியே தண்ணீரை அமுக்கித் திணித்தால்
பாறை மயிரிழை மயிரிழையாய் வெடிக்கும் என்றேன்.
சொல் அழகாக விழுந்துவிட்டதென்று
எனக்குள் ஒரு சந்தோசம்கூட.

ஒரு துளைக்கு நாற்பது இலட்சம் லீற்றர்.
தண்ணீரும் மணலும் தொண்ணூற்றெட்டரை வீதம்.
மிச்சம் ஒன்றரை வீதம்
மற்றவை.

பின்வாங்கிலிருந்து புவிராணி எழும்பினாள்,
மடியில் கிடந்த பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு.
"மற்றவை எண்டா என்ன கா?"

கேட்டுச் சொன்னேனா?
கேட்டேன்.
அது கம்பனியின் வியாபார இரகசியம் என்றார் அவர்.
நான் புவிராணி பக்கம் திரும்பி,
"பயப்பிட ஒண்டும் இல்லையாம்."

அந்த 'யாம்' என்னுடையது.
அவர் வாயில் நான் வைத்தது.
மணி பன்னிரண்டரை ஆகியிருந்தது,
சோற்றுப் பார்சல்கள் வந்து இறங்கியிருந்தன,
வேறு காரணம் தேடிப்பார்த்தேன், கிடைக்கவில்லை.

வட்டவிதானை முதலில் ஒப்பம் வைத்தார்.
மறுகா முப்பத்தொரு பேர்.
எட்டுப் பேர் பெருவிரல்.

முன்மாரி ஒன்று போனது.
குடத்தின் உள்விளிம்பில் வழவழப்பு.
வடித்த சோற்றில் மண்ணெண்ணெய் போல ஒன்று,
போலத்தான், அதுவுமில்லை.
தொட்டியில் வாய் வைத்த எருமை
தலையை உதறிக்கொண்டு கிறுகிப் போனது.
வரம்போரம் பனையான் மீன்கள் மல்லாந்து கிடந்தன.
புவிராணியின் பிள்ளைக்கு
முழங்கை மடிப்பில் சிவந்த தடிப்பு.
கிளினிக்கில் கொடுத்த பூச்சுமருந்து
"தண்ணியில கழுவிப்போட்டுப் பூசுங்க" என்றார்களாம்.

இப்போது செவ்வாயும் வெள்ளியும்
பிரதேச சபை பவுசர் வருகிறது.
ஓட்டுகிறவர் பெயர் மேகராசா.
பெயரைச் சொல்லிச் சிரிக்க
யாருக்கும் தோன்றவில்லை.
கதவுத் தூசியில் விரலால் கணக்குப் போட்டு
அவர்தான் எனக்குக் காட்டினார்:
நாற்பது இலட்சத்தில் ஒன்றரை வீதம்
அறுபதாயிரம் லீற்றர்.
"என்ட பவுசரில ஆறு லோட் தங்கச்சி,
ஒரு துளைக்கு."
பிறகு உள்ளங்கையால் அழித்துவிட்டார்.

ஆய்வுகூட அறிக்கை ஆங்கிலத்தில் வந்தது.
வாசித்துச் சொல்ல என்னைத்தான் கூப்பிட்டார்கள்,
இந்த முறை காசில்லாமல்.
நாலாம் பக்கம்:
துளையிடுமுன் இக்கிணறுகளின் நீர்
எப்படி இருந்தது என்ற பதிவு கிடையாது.
ஆகவே எதனால் என்று கூற இயலாது.

ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன்.

"பதிவா?" என்றாள் புவிராணி.
"இருபத்தாறு வருசம் குடிச்ச நான்
இஞ்சதானே நிக்கிறன்.
எங்கிட்டக் கேட்டாத் தெரியாதா
முந்தி எப்பிடி எண்டு?"

ஒருவரும் எழுதிக்கொள்ளவில்லை.

போக எழும்பினேன்.
பிளேன்டீ கொண்டுவந்து வைத்தாள்,
பக்கத்தில் ஒரு துண்டுச் சீனி.
கிணற்றுத் தண்ணீரா பவுசர்த் தண்ணீரா
கேட்க வாய் வரவில்லை.

"குடிங்க கா," என்றாள்,
"தொண்ணூற்றெட்டரை வீதம் தேத்தண்ணிதான்."

பிள்ளை முழங்கையைச் சொறிந்துகொண்டு
என் கோப்பையையே பார்த்தது.
ஆடை போல ஏதோ மேலே அசைந்தது,
அல்லது கூரைத் தகரத்தின் வெளிச்சம்.