நாண்

வொல்லாஸ்டன் ஏரியிலிருந்து வந்த இரும்பு வாளியில்
பதினேழு பாறைத் துண்டுகள்.
மூடியில் நீல மை:
"கைப்பிடி நம்பாதே, அடியில் பிடி. எல்ஸியார்."

வெளியே மைனஸ் முப்பத்தாறு.
சாஸ்கட்டூனின் வண்டிகளெல்லாம்
மின்கம்பியில் தொப்புள்கொடி மாட்டிக்கொண்டு நிற்கின்றன.

அறுத்தேன். பிசினில் பதித்தேன்.
வைரப்பொடியில் தேய்த்தேன், என் முகம் தெரியும்வரை.
நடுவில் கறுப்புப் பளபளப்பு.
ஓரங்களில் நனைந்த கரியின் மங்கல்.
விரிசலெல்லாம் செங்களிமண்.

இரவு பதினொன்றுக்கு அயனிக் கற்றை இறங்கியது,
தலைமுடியில் கால்வாசி அகலம்.
யுரேனியம் இவ்வளவு. ஈயம் இவ்வளவு.
ஒரே கல்லுக்குள் இரண்டு கடிகாரங்கள்,
ஒன்று அவசரக்காரி, ஒன்று நிதானம்.
யாரும் உள்ளே வராதிருந்தால்
இரண்டும் ஒரே மணி காட்டும்.

யாரோ வந்திருக்கிறார்கள்.

வெந்நீர்தான். மணற்கல்லில் ஊறி இறங்கிய,
உப்புக் கரிக்கும் வெந்நீர்.
பூட்டை உடைக்கவில்லை, சத்தம் போடவில்லை.
ஈயத்தை மட்டும் கைத்தாங்கலாய்
அழைத்துக்கொண்டு போய்விட்டது.

புள்ளிகள் வளைகோட்டில் உட்கார மறுத்தன.
கீழே சரிந்து
ஒரு நேர்கோட்டில் வரிசை கட்டின.
வில்லில் நாண் போல.
மேல்முனை தொட்ட இடம், பிறப்பு:
நூற்று ஐம்பத்து நான்கு கோடி ஆண்டு.
கீழ்முனை, கலைந்த நாள்: முப்பத்து மூன்று கோடி.
நடுவே தொண்ணூற்றொரு கோடியில் மூன்று புள்ளிகள்
வளைகோட்டின் மேலேயே,
ஒன்றும் நடக்காததுபோல் உட்கார்ந்திருக்கின்றன.

கார்த் வீப் அழைத்தார், கம்பெனியிலிருந்து.
"லெசியா, ஒரே ஒரு எண் கொடு.
முதலீட்டாளர் கூட்டத்தில் மூன்று வயசு சொன்னால்
கல்லையே சந்தேகப்படுவார்கள்."

நான் எல்ஸியாரை அழைத்தேன். எந்த ஆழம்?
"நானூற்றுப் பன்னிரண்டு மீட்டர்.
அங்கே நாற்பது சென்டிமீட்டர் வரவேயில்லை.
பெட்டியில் அந்த இடத்துக்கு
மரக்கட்டை வைத்திருக்கிறேன்."
கதிர்வீச்சு அட்டைக்குப் பிறந்த தேதி வேண்டுமென்றேன்.
"எது? பாதிரியார் எழுதியது ஜூலை.
நாங்கள் படகில் மிஷனுக்கு வந்து சேர்ந்த நாள் அது.
நான் பிறந்தபோது ஏரி உறைந்திருந்ததாம்."
எதை எழுதட்டும்?
"ஜூலை என்று எழுது. பக்கத்தில்
உங்கள் கூட்டல் கழித்தல் குறியைப் போடு."
சிரித்துக்கொண்டே இருமினார்.

கார்த்துக்கு அனுப்பினேன்:
நூற்று ஐம்பத்து நான்கு, கூட்டல் கழித்தல் இரண்டு.
அந்த மூன்று புள்ளிகள் பின்னிணைப்பில், பக்கம் முப்பத்தொன்று.
போன ஈயத்துக்கு என் அட்டவணையில்
மரக்கட்டை வைக்கக் கட்டமில்லை.

பிறகு குறடும் செப்புக் கம்பியும் எடுத்து
வாளிக்குப் புதுக் கைப்பிடி முறுக்கினேன்.
மூடியில், அவர் எழுத்துக்குக் கீழே எழுதினேன்:
"கைப்பிடி மாற்றியது, பிப்ரவரி"

ஒன்பதா, பத்தா?
சுவர்க் கடிகாரம் பன்னிரண்டு தாண்டி மூன்று நிமிடம்.
கம்பியை எப்போது முறுக்கத் தொடங்கினேன்?