உழாமல்

இன்னும் விடியவில்லை.
விஸ்கான்சினில் மார்ச் மாத மண்
இரவில் உறைந்து, பகலில் இளகி,
மறுபடி உறைந்து
தேனடை போலப் பொத்தலாய்க் கிடக்கிறது.
கால் வைத்தால் நொறுக்கென்கிறது.
இந்தச் சத்தத்துக்காகத்தான்
ஒன்பது நாள் காத்திருந்தேன்.

கழுத்தில் துணிப்பை,
அதன் அடியில் தகரச் சக்கரம்.
கைப்பிடியைச் சுற்றினால் விதை விசிறும்,
ஏக்கருக்கு எட்டு ராத்தல்.
சிவப்புக் குளோவர். கடுகைவிடச் சின்னது.
ராத்திரி சமையலறையில் பால் தெளித்துக்
கறுப்புப் பொடி தூவிப் பிசறினேன்.
பொடியில் இருப்பது உயிர்,
வெயில் பட்டால் செத்துவிடும்.
கெய்லன் எட்டிப் பார்த்து
"கோழிக்கா, எனக்கா?" என்றார்.

அவருக்கு இதில் நம்பிக்கையில்லை.
பழைய புல்லைப் புரட்டிப் போட்டுப்
புதிதாய் விதைக்கச் சொன்னார்.
மேடு இது. உழுதால் போதும்,
ஒரே மழையில் முழுவதும்
கிக்கப்பூ ஆற்றுக்குப் போய்ச் சேரும்.
எனக்கு முன்னால் யாரோ விதைத்த புல்,
இருபத்திரண்டு வயது,
வேரோடு வேர் கைகோத்து நிற்கிறது.
வெளிறிப்போனது, பசி, அவ்வளவுதான்.
யூரியா விலை கேட்டுவிட்டு
போனை மெதுவாக வைத்தேன்.

"யாருக்காக உரம் போடுகிறாய்?"
இதை மட்டும் இரண்டு தரம் கேட்டார்.
நிலம் மினியாபொலிஸில் இருக்கும் ஜனெல்லுடையது.
குத்தகைக்கு ஒரு வருஷம் ஆயுள்,
குளோவருக்கு மூன்று.
பிப்ரவரியில் வர வேண்டிய கடிதம்
வரவில்லை.
கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை,
விதை இருந்தது,
முன்னூற்றுப் பத்து டாலர் ரசீதும்.

மூங்கில் குச்சியில் கட்டிய ஆரஞ்சுத் துணியைப் பார்த்தபடி
நேராய் நடந்தேன்.
ஏழாவது நடையில், கீழ் மூலையில்,
வேலிக்குப் பக்கத்தில்,
பனிக்கட்டி என் காலை வாரியது.
பை கவிழ்ந்தது.
இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து
கையால் அள்ளப் பார்த்தேன்.
பொத்தல்களெல்லாம் ஏற்கெனவே
விழுங்கிவிட்டிருந்தன.

ஏப்ரலில் கடிதம் வந்தது.
இன்னும் ஒரு வருஷம், அப்புறம் விற்கிறாளாம்.
எழுத்து நன்றாக இருந்தது, மன்னிப்பும் கேட்டிருந்தாள்.

அந்தக் கோடையில் காட்ட எதுவும் இல்லை.
சாலையிலிருந்து பார்த்தால் வெறும் புல்.
குனிந்து விலக்கினால்தான்
அடியில் மூன்று மூன்று இலை,
கூச்சத்தோடு.
ஒன்றைப் பிடுங்கினேன்.
வேரில் முடிச்சு, அரிசிக் குருணை அளவு.
நகத்தால் கீறினேன், உள்ளே இளஞ்சிவப்பு.
சரி, வேலை நடக்கிறது.
பிடுங்கியதற்கு வருத்தப்பட்டு
மறுபடி நட்டேன்.
பிழைக்காது என்று தெரியும்.

அடுத்த ஜூனில் நிலம் யோஸ்ட் பைலருடையது.
தீவன மில்லுக்குப் போகிற வழியில்
வண்டியை நிறுத்தினேன்.
வைக்கோல் தொப்பி, நரைத்த தாடி,
இரண்டு பெல்ஜியன் குதிரைகள்.
புல் கரும்பச்சை,
அங்கங்கே பூ.
கீழ் மூலையில் மட்டும்
ஒரு வண்டிச் சக்கரமளவு வட்டம்,
கால் வைக்க இடமில்லாமல் சிவப்பு,
உள்ளே முழுக்கத் தேனீ.

"இங்கே மட்டும் ஏன் இப்படி?" என்றார்.
"அங்கேதான் விழுந்தேன்."
கொஞ்சம் யோசித்தார்.
"நன்றாய்த்தான் விழுந்திருக்கிறீர்கள்."

பிறகு அறுத்துப் போட்டதைக் கையில் எடுத்துத்
தண்டை முறுக்கிப் பார்த்தார்.
புல் காய்ந்துவிட்டது, குளோவர் காயவில்லை.
இன்னும் ஒரு நாள் வேண்டும்.
நாளை ஞாயிறு, அவர்கள் வேலை செய்வதில்லை.
திங்கள்வரை தாங்குமா?

எனக்கு அங்கே ஒரு கட்டுப் புல்லும் இல்லை.
ஆனாலும் இருவரும்
ஒரே நேரத்தில்
மேற்கே திரும்பி
மேகத்தைப் பார்த்தோம்.