முப்பத்தெட்டாம் அடி

பௌலிங் கிரீன் நகருக்குக் கீழே
கழிவுநீர்ச் சுரங்கத்தின் முகப்பு. இரவு இரண்டு மணி.
ஓடெல் துளைக்கோலைச் செலுத்துகிறான்,
நான் அடி எண்ணுகிறேன்.

ரேடார் படத்தில் இந்த இடம்
காப்பி சிந்திய கறை மாதிரி இருந்தது.
களிமண்ணாக இருக்கலாம் என்று எழுதினேன்.
இருக்கலாம்:
என் சம்பளத்தில் பாதி இந்தச் சொல்லுக்குத்தான்.

முப்பத்தாறு. பாறை.
முப்பத்தேழு. பாறை, கொஞ்சம் ஈரம்.
முப்பத்தெட்டாம் அடியில்
அடி இல்லை.

கோல் தானாக உள்ளே போயிற்று.
துளைவழியே காற்று வந்தது,
இதுவரை யாரும் மூச்சுவிடாத குளிர்காற்று.
பிறகு தண்ணீர்.
பிறகு பச்சை.

செவ்வாயன்று மேலே
திருமதி ஹாஸ்கெல்லின் சோளக்காட்டில்
உள்வாங்கிய குழியில் நான் ஊற்றிய சாயம்.
வடக்கே ஆற்றுக்குத்தான் போகும் என்று
வரைபடத்தில் அம்பு போட்டிருந்தேன்.
நான்கு நாளாக
ஒவ்வொரு ஊற்றிலும் கரித்தூள் பை கட்டி
அங்கேதான் தேடிக்கொண்டிருந்தேன்.

ஓடெல் முகத்தை வழித்துவிட்டான்.
தாடியெல்லாம் பச்சை.
"உன்னுடையதா?"
என்னுடையதுதான்.

அம்பின் குறுக்கே ஒரு கோடு கிழித்தேன்.
துளையை அடைக்கச் சிமெண்ட் வரும்வரை
முழங்கால் பச்சையில் நின்றபடி
அவன் தன் சாண்ட்விச்சைப் பிய்த்து
பெரிய பாதியை என்னிடம் நீட்டினான்.