கதவு பூட்டு

மின்வாரியத்தில் எனக்கு வேலை.
கணக்கெடுப்பாளர் என்று அட்டை சொல்லும்,
மீட்டர்க்காரர் என்று ஊர் சொல்லும்.
பதினாலு வருஷமாய்க் கொத்தமங்கலம், பள்ளத்தூர்,
கானாடுகாத்தான் தெருக்களில்
எண்களைப் படித்துக்கொண்டு போகிறேன்.
அந்த எண் எப்படி ஓடுகிறது என்று
ஒருவரும் கேட்டதில்லை,
நேற்று சாயங்காலம் வரைக்கும்.

மிருதுளாவின் ஆறாம் வகுப்புப் புத்தகத்தில்
ஒரு பல்பும் ஒரு பேட்டரியும்
கோட்டைப் பிடித்துக்கொண்டு நின்றன.
"செஞ்சு கொண்டாரணுமாம்ப்பா.
நீங்கதான் ஈபி ஆச்சே."

ஈபி ஆச்சே!
டிவி ரிமோட்டின் முதுகைத் திறந்து
இரண்டு செல்லை உருவினோம்
(சுகந்தியிடம் சொல்லவில்லை).
டார்ச் பல்பு பத்து ரூபாய்.
செப்புக் கம்பி, காரைக்குடியில்
மோட்டாருக்குக் காயில் கட்டும் செபஸ்தியான்
கழித்துப் போட்டது.
சுவிட்சுக்கு ஓர் ஊக்கு.

எங்கள் வாடகைப் போர்ஷனில்
ஆத்தங்குடித் தரை ஒன்றுதான் ஆடம்பரம்.
அதில் ஒரு பூவின் நடுவே பல்பை நிறுத்தி
இதழ் ஓரமாகவே கம்பியை வளைத்தாள்.
டேப்பை வெட்டச் சாத்தப்பனின் பல்.

எரியவில்லை.

செல்லைத் திருப்பினேன், எரியவில்லை.
பல்பைக் காதருகே ஆட்டிப் பார்த்தேன்.
பக்கத்துப் போர்ஷன் ரிஸ்வான் எட்டிப் பார்த்து
"கரண்ட் போயிடுச்சா மாமா?" என்றான்,
தலைக்கு மேல் ஃபேன் சுற்றிக்கொண்டிருக்க.

எனக்கு வியர்த்தது.
ஒரு கடுகு வெளிச்சம் கேட்டால்
கையைப் பிசைகிறான் வாரியத்து ஆள்.

அதற்குள் சாத்தப்பன்
மிச்சக் கம்பியைத் துவைகல்லில் இழுத்து
ரயில் ஓட்டிக்கொண்டிருந்தான்.
"அக்கா, இங்க பாரு, உள்ள வேற கலரு!"

செம்பு என்று நான் நம்பியிருந்தது
செம்பின் மேல் பூசிய அரக்கு.
தேய்ந்த நுனியில்
அப்போதுதான் உரித்த சின்ன வெங்காய நிறம்.

ஆறு நுனியையும் அவனே தேய்த்தான்.
நாங்கள் மூவரும் குத்தவைத்துக் காத்திருந்தோம்.
ஊக்கை மூடினாள் மிருதுளா.

கடலைப்பருப்பு அளவு மஞ்சள்.

யாரும் கத்தவில்லை.
ரிஸ்வான் எழுந்துபோய்
ட்யூப்லைட்டை மட்டும் அணைத்தான்.

அப்புறம் கையில் கிடைத்ததையெல்லாம்
ஊக்கின் இடத்தில் வைத்துப் பார்த்தார்கள்.
கரண்டி எரிந்தது.
புளியங்கொட்டை, ம்ஹூம்.
சுகந்தியின் கொலுசு எரிந்தது,
அவள் காலோடு சேர்த்துப் பிடித்து இழுத்து.
என் பேனாவில் கிளிப் மட்டும்.
வாரிய அடையாள அட்டை எரியவில்லை,
இரண்டு பக்கமும்.

சாத்தப்பன் திடீரென்று கேட்டான்:
"மூடினா எரியுது. தெறந்தா அணையுது.
அப்ப பூட்டிக் கெடக்குற வீட்டுலல்லாம்
லைட்டு எரியணும்ல?"

அக்காள் விழுந்து விழுந்து சிரித்தாள்.
மூடிய சுற்று, திறந்த சுற்று என்று
புத்தகத்தில் விரல் வைத்து வாசித்தாள்.
நான் சிரிக்கவில்லை.
என் தெரு ஒன்றில் நாற்பது வீடு.
பதினொன்றில் மீட்டர் உள்ளே, சாவி சென்னையில்.
'கதவு பூட்டு' என்று போட்டுவிட்டு
அடுத்த படி ஏறுவேன்.
"தெரியலடா" என்றேன்.
வேறென்ன சொல்ல.

ராத்திரி ஊக்கைத் திறக்காமலே
தலையணைக்கடியில் வைத்துத் தூங்கிவிட்டான்.
காலையில் பல்புக்குள் சிவப்பாய் ஒரு நூல்,
அதுவும் பார்த்துக்கொண்டிருக்கையிலேயே போனது.
சுகந்தி ரிமோட்டை உள்ளங்கையில் தட்டுகிறாள்,
திரும்பத் தட்டுகிறாள்,
என்னைப் பார்க்கிறாள்.

இரண்டு செல் வாங்கிக் கொடுத்துவிட்டு
ரவுண்டுக்குக் கிளம்பினேன்.
இன்றைக்கு முதல் வீடு
மீட்டர் வாசலிலேயே இருக்கும் வீடு.
எண்பது ஜன்னல்.
போன தடவை எழுதிய அதே எண்.
கம்பத்திலிருந்து கம்பி வந்து நிற்கிறது,
உள்ளே எங்கோ ஊக்குகள் எல்லாம்
திறந்து கிடக்கின்றன.
மீட்டரின் ஓரத்தில் மட்டும்
சிவப்பாய் ஒரு புள்ளி விழித்திருந்தது.
இத்தனை வருஷமாய் அதை நான் பார்த்ததில்லை.

பூஜ்யம் என்று அழுத்தினேன்.

அடுத்த வீட்டில் கிரைண்டர் ஓடுகிறது.
முந்நூற்றுப் பன்னிரண்டு யூனிட்.
"என்ன இவ்ளோ?" என்று
மாவுக் கையோடு சண்டைக்கு வருகிறாள் ஒருத்தி.